மனம் புண்பட்டவர்

மேலே பளபளப்பு, அமுக்கினால் கூழ். அந்த ரகத் தக்காளிக்கு 'அமைச்சர்' என்று பேர் வைத்தவன் அசோக்குமார்தான். மார்க்கெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நாலு மாதமாக, "அமைச்சர் ரெண்டு பெட்டி தனியா வைப்பா" என்றுதான் ஏலமே நடந்தது. பெட்டியில் மார்க்கரால் ரகம் எழுதுகிற ஆண்டனிராஜ் அதையும் எழுதினான். கட்சிக்காரர் ஒருவர் போட்டோ எடுத்துப் புகார் கொடுத்தார். காலையில் ஜீப் வந்து ஆண்டனிராஜை மட்டும் அள்ளிக்கொண்டு போனது.

தக்காளிப் பெட்டியில் எழுதினால் போய்விடுகிற மானத்தை வைத்துக்கொண்டுதான் இவர்கள் நம்மை ஆள்கிறார்கள். தூ.

பேர் வைத்தது நான் என்று சொல்லிவிடத்தான் அசோக்குமார் ஸ்டேஷனுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் அவனைப் பேசவே விடவில்லை.

"வாய்யா. சாட்சிக்கு மார்க்கெட் ஆளு ஒருத்தன் வேணும்னு இப்பத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

டைப் அடித்த தாளை நீட்டினார். மாண்புமிகு அமைச்சரை இழிவுபடுத்தும் வாசகத்தைக் கண்டு என் மனம் மிகவும் புண்பட்டது, பொது அமைதிக்குக் குந்தகம் ஏற்படும் என அஞ்சினேன் என்று இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அழுகல் பெட்டியின் நாற்றமே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"சார், அந்தப் பேரு வச்சது..."

"யாருன்னு தெரியுமா? சொல்லு, அவனையும் சேத்து உள்ள வச்சிருவோம்."

அவனையும். அப்படியென்றால் ஆண்டனிராஜை விடப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு அசோக்குமார் கையெழுத்துப் போட்டான். போட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

வாசலில் ஆண்டனிராஜின் மனைவி சௌந்தர்யா தூக்குவாளியோடு நின்றாள். "மார்க்கெட்ல அம்புட்டுப் பேரு இருந்தும் நீங்க ஒருத்தருதாண்ணே வந்திருக்கீங்க. அவருக்காகப் பேசுனீங்களா?"

"பேசுனேம்மா."

"என்னைய உள்ள விட மாட்டேங்குறாங்க. இந்தச் சோத்த நீங்களே குடுத்துருங்கண்ணே."

சாட்சிக்காரன் என்று அவனை மட்டும் உள்ளே விட்டார்கள். பின்பக்கத்து அறையில் ஆண்டனிராஜ் தரையில் உட்கார்ந்திருந்தான், கன்னம் வீங்கியிருந்தது. வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்ற போலீஸ்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"பேரு வச்சது யாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கண்ணே. நான் சொல்லல. நீங்க பயப்படாம வீட்டுக்குப் போங்க."