திருப்பிச் சொல்லும் பழக்கம்

ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே குகதாசனுக்கு உச்சி கொதிக்கும். எந்த நாட்டு இராணுவம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் அவர் கட்டிய வீட்டைப் பிடித்து, முற்றத்து மாமரத்தைத் தறித்து, அந்த இடத்தில் தகவல் தொடர்புக் கோபுரம் நட்ட இலங்கை ஆமிக்காரர் இன்றுவரை வீட்டைத் திருப்பித் தரவில்லை. லண்டனில், மிட்சம் என்ற பகுதியில் வீடு வாங்கியபோது கூரையில் டிஷ் பூட்ட வந்தவனையே திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் கஜந்தினி, ஜெர்மன் இராணுவத்தின் தொடர்பாடல் அதிகாரி ஒருவனைக் கட்டப்போவதாக வந்து நின்றாள்.

அனுசன் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தான். படையின் செலவிலேயே மியூனிக்கில் மின்னணுவியல் படித்தான். மாலிப் பாலைவனத்திலும் லித்துவேனியக் காட்டிலும் ரேடியோத் தொடர்பு அமைத்தான். இப்போது கப்டன். பென்சன் வரை இருக்கிறாயா என்று மேலிடம் கேட்டிருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் தனியே பேச வந்தான். குகதாசன் உட்காரக் கதிரையைக்கூடக் காட்டவில்லை.

“உம்மடை வேலை என்ன?”

“செய்தி ஒழுங்காப் போய்ச் சேருதோ எண்டு பாக்கிறது, அங்கிள்.”

“கோபுரம் நடுவீரோ?”

“தேவையெண்டால் நடுவம்.”

“ஆருடைய காணியிலை?”

பதிலுக்குக் குகதாசன் காத்திருக்கவில்லை. “வாற மாதம் முடியிறதுக்குள்ளை ஆமியை விடவேணும். விட்டால்தான் கலியாணம்.”

அனுசன் நிமிர்ந்து நின்றான். “வாற மாதம் முடியிறதுக்குள்ளை ஆமியை விடவேணும். விட்டால்தான் கலியாணம். சரியோ, அங்கிள்?”

“சரி.”

பொடியன் வழிக்கு வந்துவிட்டான் என்று குகதாசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானாக வாய் திறப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஆனால் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் தங்கைக்கும் எட்மண்டன் சொந்தங்களுக்கும் போன் போட்டு, தன் ஒரு சொல்லில் ஜெர்மன் ஆமி ஒரு கப்டனை இழந்த கதையை அளந்து தள்ளினார்.

மே கடைசியில் அனுசன் கஜந்தினியோடு வந்தான்.

“நான் ஆமியை விடேல்லை, அங்கிள். பென்சன் வரைக்கும் கையெழுத்து வைச்சிட்டன். நேரை சொல்லத்தான் வந்தனான்.”

“அண்டைக்கு ஓமெண்டனீர்.”

“ஓமெண்டு சொல்லேல்லை. நீங்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னனான். எங்கடை ரேடியோ வேலையிலை அப்பிடித்தான். பிழையாக் கேட்டிருந்தால் சொன்னவர் அப்பவே திருத்தலாம். சம்மதம் வேறை.”

குகதாசனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சொந்தக்காரர் எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள். அதைவிட, இவன் பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“வெளியிலை போம்,” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். “இவனோடை இந்தப் படியைத் தாண்டினால் எனக்கு மகள் இல்லை. திரும்பி வரக்கூடாது.”

கஜந்தினி அழவில்லை. கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இவரோடை இந்தப் படியைத் தாண்டினால் உங்களுக்கு மகள் இல்லை. திரும்பி வரக்கூடாது,” என்றாள், ஒரு சொல் விடாமல். “நான் சரியாக் கேட்டனானோ, அப்பா?”

குசினி வாசலில் நின்ற மனைவி பாலாம்பிகை, “இஞ்சருங்கோ, பிழையெண்டு சொல்லுங்கோ,” என்றாள்.

பிழை என்ற ஒரு சொல் போதும். அது குகதாசனின் தொண்டை வரை வந்தது. எதிரே அனுசன் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார். மாமரம் நின்ற இடத்தில் அந்தக் கோபுரம் நிற்பதுபோல் இருந்தது.

“சரி,” என்றார்.

கஜந்தினி குனிந்து சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டாள்.