வெள்ளையாய் விட்ட இடம்

சீனாவின் சோங்சிங் நகரில் ஆற்றங்கரைச் சரிவு முழுக்க இடித்துத் தரைமட்டமாக்கி ஆறு மாதம் ஆயிற்று. அங்கே பதினெட்டு வருஷம் குடியிருந்த ஷெங்தேவுக்கு மாற்று வீடு கிடைக்க வேண்டுமானால், பழைய வீடு நின்றதற்கு ஒரு படம் காட்ட வேண்டுமாம். இன்றுதான் கடைசி நாள். தானே செங்கல் அடுக்கிக் கட்டிய வீட்டை எந்த மகராசன் படம் எடுத்து வைப்பான்?

"ஏம்மா, ஊர் ஊரா அந்த மலைப் படத்தத்தான மாட்டி வச்சுக் காட்டற? அதைக் குடு" என்றான், புகைப்படக்காரியான தங்கை ருவோலானிடம்.

சரிவில் பாதி இடிந்து, அண்ணன் வீடு இன்னும் நின்ற நாளில் எதிர்க்கரையிலிருந்து அவள் எடுத்த படம் அது. இடிபாடும் குப்பைமேடும் பழங்காலச் சீன மைச்சித்திரத்து மலையாகவே தெரியும். மலைக்கு இடுப்பில் பனி வேண்டும் என்பது அந்தச் சித்திரக்காரர்கள் வகுத்த முறை. பனிக்கு மை தொடமாட்டார்கள், தாளைச் சும்மா விட்டுவிடுவார்கள். பிற்பாடு ரசித்தவர்கள் அந்த வெற்றிடத்தில் சிவப்பு முத்திரை குத்துவார்கள். கம்ப்யூட்டரில் அழிப்பது பித்தலாட்டம் என்று ருவோலானுக்கு ஒரு வீம்பு. லென்சுக்கு முன்னால் வெள்ளைத் தாளைக் கிழித்துப் பிடித்து, எடுக்கும்போதே பனியை உண்டாக்கிவிட்டாள்.

"அண்ணா, உன் வீடு அதுல இல்ல."

"ஃபிலிம்ல இருக்குமே?"

"அதுலயும் இல்ல. நான்தான் மறைச்சேன். அந்த நீலத் தகரம் கண்ண உறுத்திச்சு."

"மழைக்கு அந்தத் தகரத்துக்குக் கீழ உக்காந்து நூடுல்ஸ் தின்னப்போ உறுத்தலையாக்கும்" என்றான் ஷெங்தே. அவள் அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்?

வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே சுருட்டிக்கொண்டு மாற்று வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்குப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இதுல வீடு எங்கங்க?"

"இதோ, இந்தப் பனிக்குள்ள" என்று விரலை வைத்தான் ஷெங்தே.

"பனிக்குள்ளன்னா எனக்குக்கூட ஒரு அரண்மனை இருக்கு, பெரியவரே!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஷெங்தேவும் சேர்ந்து சிரித்தான், பாவி.

"நாந்தாங்க மறைச்சேன், வீடு நெஜமா இருந்துச்சு" என்று ருவோலான் கெஞ்சினாள்.

"படம் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள் அந்த அம்மாள், மனதாரத்தான். கொடுத்த ஆதாரத்தின் மேலேயே முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. மலை முழுக்கக் கறுப்பாக இருந்ததால் காலியான இடம் தேடினாள். 'ஆதாரம் இல்லை' என்ற சிவப்பு முத்திரை பனியின் நடுவில் விழுந்தது, சரியாக அண்ணன் வீட்டு வாசலில்.