அளவுகோலுக்குக் கீழே

எங்கள் சிமெண்ட் ஆலையில் சென்ற சித்திரையிலிருந்து தொழிலாளர்களின் மூச்சும் கரிக் கணக்கில் சேர்ந்தது. ஒரு டன் சிமெண்டுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேறலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அதற்குக் கீழே வரும் ஆலைக்குப் பரிசு. சூளையில் குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்தாகிவிட்டது. மிச்சமிருந்தது நாங்கள்தான். ஆளுக்கொரு மீட்டரை நெஞ்சில் மாட்டினார்கள்.

ஒவ்வொரு பிரிவிலும் மிகக் குறைவாக மூச்சு விடுபவரின் அளவே மற்றவர்களுக்கு அளவுகோல். மேற்குக் குடியிருப்பில் வீடு காலியானால், அதற்கும் கீழே போனவருக்குக் கொடுப்பார்கள். அங்கே புகைபோக்கியின் தூசு விழாது. என் மகள் யாழினிக்கு ஆறு வயது. இருமி இருமி அவள் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. எனக்கு அந்த வீடு வேண்டியிருந்தது.

முதலில் வேகமாக நடப்பதை விட்டேன். பிறகு சிரிப்பதை. வைகாசியில் வீட்டில் பேசுவதையும் விட்டேன். என் மனைவி அன்னபூரணி எனக்கும் சேர்த்துப் பேசினாள். சண்டை வந்தால் என் பக்கத்து நியாயத்தையும் அவளே சொல்லி, பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். பெரும்பாலும் நான்தான் தோற்றேன்.

எங்கள் பிரிவில் ஃபிட்டர் குழந்தைவேலு இருந்தார். பதினோரு வருஷம் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் நிமிடத்துக்கு ஐந்து மூச்சுக்கு வந்தபோது அவர் நான்குக்கு வந்திருந்தார். நான் நான்கைத் தொட்டேன். அவர் மூன்றுக்குப் போனார். அவர் வீட்டிலும் இருமல் இருந்தது, அவருடைய அம்மாவுக்கு.

"மாப்ள, இந்தத் தடவை விட்டுக் குடேன்" என்றார் ஒருநாள் கேன்டீனில். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு அரை நாள் மூச்சு செலவாகியிருக்கும். நான் தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன்.

ஆடி நான்காம் தேதி குழந்தைவேலு கன்வேயர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அடக்கத்துக்கு எல்லோரும் போனோம். யாரும் அழவில்லை, அழுகைக்கு மூச்சு அதிகம். மீட்டரைக் கழற்ற உத்தரவு வராததால் அதோடேயே புதைத்தார்கள். மாதக் கடைசியில் அவருடைய அளவு பூஜ்யம். மேற்கில் அப்போது காலியான வீடு அவர் அம்மாவுக்குப் போனது.

நான் மேலாளர் வேதமூர்த்தியிடம் போய் நின்றேன்.

"இப்ப அளவுகோல் பூஜ்யம்" என்றார் அவர். "அதுக்கும் கீழ வரணும்."

"எப்படி சார்?"

"இழுங்க. விடாதீங்க."

இழுத்தேன். விடவில்லை. இரண்டு நாள் நெஞ்சு வலித்தது, பிறகு பழகிவிட்டது. ஆவணியில் என் மீட்டர் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. புரட்டாசியில் இன்னொரு வீடு காலியானது. சாவியை அன்னபூரணியின் கையில் கொடுத்தார்கள்; என் விரல்கள் அதற்குள் மடங்காமல் போயிருந்தன. முதல் நாளே யாழினி இருமாமல் தூங்கினாள். எழுந்ததும் என்னிடம் ஓடிவந்தாள். குனிந்து தூக்க முடியவில்லை. அவள் என் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "அப்பா, சத்தம் வேற மாதிரி வருது" என்றாள். கதறி அழ வேண்டும் போலிருந்தது. அதற்கும் மூச்சை வெளியே விட வேண்டும்.

ஐப்பசியில் ஒரு காலை, சூளைக்குக் கல் அனுப்பும் சுரங்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் சிறு சுத்தியலால் என் தோளைத் தட்டி, உதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல சுண்ணாம்புக்கல். முதல் தரம்."

மற்றவர் என் முதுகில் சிவப்புப் பெயிண்டால் ஓர் எண்ணை எழுதினார்.

"புள்ள ஸ்கூலுக்குப் போனப்புறம் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் அன்னபூரணி.

அவர்கள் சரியென்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவள் இருவருக்கும் டீ போட்டாள்.