ஓரிலைச் செடிக்குக் காவல்

ஏழாம் நம்பர் தேயிலை மலைக்குப் போகாமலிருப்பதற்காகவே நாகலெட்சுமி ஐந்து மாதங்களாகச் சில செடிகளுக்குக் காவலிருந்தாள்.

அந்த மலையில்தான் சென்ற ஆவணி மாதம் அவளுடைய கணவன் கஜேந்திரன் குளவி கொட்டி இறந்தான். தேயிலை மரங்களை மட்டமாக வெட்டும் கவ்வாத்துக்குப் போன ஆட்களில் அவன் முன்னால் சென்றவன். அன்று அவள் தோட்டத்தின் மறுபுறத்தில், மூன்றாம் நம்பரில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்து சேர்ந்தபோது லொறி அவனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காட்டப்பட்ட முகம் வீங்கி, கண்கள் மறைந்து, வேறொருவருடையதைப் போலிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, கட்டிலின் எண்ணை மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தாள். அழுகை வரவில்லை. கருமாதியன்று வந்துவிடும் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். அன்றும் வரவில்லை.

துக்கம் கழிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, ஆட்களுக்கு வேலையிடம் வாசிக்கும் காலைப் பெரட்டில் அவளுடைய பெயர் ஏழாம் நம்பருக்கு வாசிக்கப்பட்டது.  கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கவ்வாத்து இன்னும் வெட்டாத பகுதியில் கொழுந்தெடுக்க மற்றவர்களோடு நடந்தாள். மலையின் விளிம்பு வந்ததும் அவளுடைய கால்கள் நின்றுவிட்டன. நெஞ்சு படபடக்கவில்லை; பயமென்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே தோன்றவில்லை. கால்கள் மட்டும் போகவில்லை. மூன்று நாட்கள் அவ்வாறே நடந்தது. முதல் நாள் கங்காணி ஏசினார். இரண்டாம் நாள் கெஞ்சினார். மூன்றாம் நாள் அவளைப் பார்க்கவே அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு முத்துலிங்கம் கெட்ட மனிதரல்லர். அவர்தான் இந்தக் காவல் வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அத்தோட்டத்துத் தேயிலையை வெளிநாட்டார் வாங்க வேண்டுமாயின் ஒரு சான்றிதழ் வேண்டும். அச்சான்றிதழுக்குக் காடும் அரிய செடிகொடிகளும் காக்கப்பட வேண்டும். ஐந்தாம் நம்பருக்கும் ஆற்றுக்கும் இடையே கிடந்த காட்டுத் துண்டில், ஐப்பசி மாதக் கணக்கெடுப்பின்போது, பன்னிரண்டு நிலத்து ஆர்க்கிட் செடிகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆர்க்கிட் என்றால் மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, கல்யாண வீட்டு மேடையில் வைக்கத்தக்க பூவைப் பூப்பது என்றே தோட்டத்தில் எல்லோரும் எண்ணியிருந்தனர். இதுவோ தரையில் இருந்தது. ஆபீஸ் புத்தகத்தில் அதன் இனத்தின் பெயர் நெர்வீலியா. ஒரு செடிக்கு ஒரே ஓர் இலை. தண்டு என்று சொல்ல ஏதுமின்றி மண்ணிலிருந்து நேரே எழுந்து, உள்ளங்கையளவு விரிந்து, நரம்பு நரம்பாக மடித்த விசிறியைப் போல் நின்றது. பூ இல்லை.

"இந்தா பாரு நாகலெட்சுமி, பங்குனி மாசம் சர்டிபிகேட்டுக்காரங்க வருவாங்க" என்றார் முத்துலிங்கம். "அதுவரைக்கும் இதுல ஒருத்தர் கால் படக் கூடாது. ஆடு மாடு வரக் கூடாது. வெறகுக்குப் போறவளுக யாரும் இந்தப் பக்கம் எறங்கக் கூடாது. இது இருக்கிற வரைக்கும் ஒனக்கு இங்கதான் வேல. இது போச்சுனா நீ ஏழாம் நம்பருக்குத்தான் போகணும். அதுக்கு மேல என்னால தொரைகிட்ட பேச ஏலாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க" என்றாள்.

செடிக்கொரு குச்சி நட்டு அடையாளமிடும்படி சொல்லியிருந்தார். ஸ்டோருக்குப் போய்த் துணி கேட்டபோது, கிளாக்கர் தம்மிடமிருந்த சிவப்புத் துணிச் சுருளிலிருந்து ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். அத்தோட்டத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சிக்கு ஒரே பொருள்தான்: அங்கே குளவிக் கூடு இருக்கிறது; யாரும் நெருங்காதே. கஜேந்திரனின் சாவுக்குப் பிறகு அந்த விதி இன்னும் கடுமையாயிற்று. நாகலெட்சுமிக்கு இது தெரியாததன்று. வேறு நிறத்துணி கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, இதுவே நல்லது, எவரும் மிதிக்கமாட்டார்கள் என்று எண்ணித் துணியைப் பன்னிரண்டாகக் கிழித்துக் கட்டினாள்.

அவள் நினைத்தபடியே ஆயிற்று. விறகுக்குப் போனவர்கள் சுற்றிப் போனார்கள். ஆட்டுக்காரர்கள் ஆட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கண்டாக்குகூடப் பாதையில் நின்றபடியே, "எல்லாம் நல்லா இருக்கா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாரேயன்றி உள்ளே இறங்கவில்லை.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் அவளைச் சீண்டுவதுண்டு. அவர்களில் வாய்க்காரி, லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பேச்சியம்மா.

"என்னடி நாகு, ஒம் பன்னெண்டு புள்ளைகளும் பால் குடிச்சிருச்சா?"

"குடிச்சிருச்சு."

"பேரு கீரு வச்சியா?"

"எல்லாத்துக்கும் ஒரே பேருதான். பேச்சியம்மா."

"அடிப்பாவி! அதான் ஒண்ணும் வளர மாட்டேங்குது."

பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். நாகலெட்சுமி சிரிக்காமலே பிறரைச் சிரிக்க வைத்தாள். அவர்கள் அதைப் பார்த்து, அவள் தேறிவருகிறாள் என்று தமக்குள் பேசிக்கொண்டார்கள்.

மார்கழி கழிந்து பனி விழத் தொடங்கியபோது முதல் இலை மஞ்சளித்தது. அவள் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மறுநாள் இன்னும் இரண்டு மஞ்சளித்தன. தண்ணீர் அதிகமாயிற்றோ என்று நிறுத்தினாள். வெயில் படுகிறதோ என்று பெரணி இலைகளை வெட்டிப் பந்தலிட்டாள். தை மாதம் முடிவதற்குள் பன்னிரண்டு இலைகளும் காய்ந்து, சருகாகி, காற்றோடு போய்விட்டன. குச்சிகளும் சிவப்புத் துணிகளும் மட்டும் நின்றன.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் வந்தாள். குச்சிகளைச் சுற்றி விழுந்த சருகுகளைக் கூட்டினாள். மதியம் ரொட்டியைத் தின்றாள். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று பாதையிலிருந்து குரல் வந்தால், "இருக்குங்க" என்றாள். வெறும் மண்ணுக்குக் காவலிருப்பது இலைக்குக் காவலிருப்பதைவிடக் கடினமாக இல்லை. பங்குனி வரும், பார்ப்பார்கள், பிறகு ஏழாம் நம்பர். இடையில் இருக்கும் நாட்களை அவள் ஒவ்வொன்றாகக் கழித்தாள்.

சான்றிதழ்க்காரர்கள் வருவதற்கு முந்திய நாள் அவள் பிரஷர் மாத்திரைக்காக வட்டவளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மறுநாட் காலை காட்டுத் துண்டுக்கு வந்தபோது மண்ணெண்ணெய் வாடை எதிர்கொண்டு வந்தது. குச்சிகள் இல்லை. அவை நின்ற இடங்களில் பன்னிரண்டு கரிய வட்டங்கள் இருந்தன.

குளவிக் கூடு அழிக்கும் ஆட்களுக்குத் தலைவனான அழகன் தலையைச் சொறிந்துகொண்டு பாதையோரம் நின்றான். கஜேந்திரனோடு ஒன்றாக வேலை செய்தவன்.

"அக்கா, ஆபீஸ்ல சொன்னாங்கக்கா. வெள்ளக்காரன் வர்றதுக்குள்ள செவப்புத் துணி இருக்கிற எடமெல்லாம் முடிச்சிருங்கனு. நாங்க சாயங்காலமா வந்து ஊத்திப் பத்த வச்சிட்டோம்."

"இங்க கூடு எங்கடா இருந்துச்சு?"

"அதான் நாங்களும் தேடுனோம். கூட்டி வச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சா, சரி, இது தரைக்குள்ள இருக்கிற குளவிதான்னு நெனச்சிட்டோம். செவப்புத் துணிக்கு வேற என்னக்கா அர்த்தம்? ராத்திரி வீட்டுக்குப் போனப்பறம் பேச்சியக்கா இது செடிக்குக் கட்டுன துணினு சொல்லித்தான் தெரியும்." அவன் குரல் தாழ்ந்தது. "என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களாக்கா?"

 பேச்சியம்மா விடியற்காலையிலேயே நாகலெட்சுமிக்கு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள்: "ஒங்கிட்ட என்ன குத்தம்? நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இவனுக எரிச்சிட்டானுகனு சொல்லு. ஒன்னையப் போயி ஏழாம் நம்பருக்கு அனுப்ப மனசு வராது கண்டாக்குக்கு." இலைகள் தையிலேயே போயின என்பது பேச்சியம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவள் நாகலெட்சுமி ஒருத்திதான். நெருப்பு வந்து அவளுடைய இரகசியத்தை மூடிவிட்டுப் போயிருந்தது. ஒரே ஒரு பொய் போதும். அது முழுப் பொய்கூட அன்று.

பத்து மணிக்குக் கண்டாக்கு முன்னே வர, பின்னே ஓர் இளம்பெண் வந்தாள். வெள்ளைக்காரன் வரவில்லை. அவனுக்குப் பதிலாகச் செடிகளைச் சோதிக்க அனுப்பப்பட்டவள் அவள், பெயர் கிருஷாந்தி, கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தாவரவியல் படித்தவள். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை சாக்ஸ் இழுத்துவிட்டிருந்தாள்.

கரிய வட்டங்களைக் கண்டதும் முத்துலிங்கத்தின் முகம் வெளுத்தது.

"என்னாடா இது?" என்றார் அழகனைப் பார்த்து. "யாரு பண்ணுன வேல?"

அழகன் நாகலெட்சுமியைப் பார்த்தான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவன் எரிச்சது வெறும் மண்ணுங்க" என்றாள் நாகலெட்சுமி. "செடி தையிலயே செத்துப் போச்சு. ஒண்ணு ஒண்ணா மஞ்சளாகி எல்லாம் போயிருச்சு. நாந்தான் சொல்லல."

ஏன் அவ்வாறு சொன்னாள் என்று பின்னர் பேச்சியம்மா கேட்டபோது அவளால் விளக்க முடியவில்லை. பொய் சொல்வதற்கும் உள்ளே ஏதோ ஒன்று அசைய வேண்டும். அது அசையவில்லை.

"ரெண்டு மாசமா நீ எனக்கு நல்லா இருக்குனு சொன்னியே!" என்றார் முத்துலிங்கம்.

"ஆமாங்க."

கிருஷாந்தி குனிந்து ஒரு வட்டத்தின் அருகே மண்டியிட்டாள். "தையிலயா? எல்லா எலையும் ஒரே மாசத்துலயா போச்சு?"

"ஆமா மிஸ்."

"அப்ப சரியாத்தானே நடந்திருக்கு!" என்று அவள் சிரித்தாள். பையிலிருந்து ஒரு சிறு கரண்டியை எடுத்துக் கரிந்த மண்ணை ஒதுக்கினாள். மூன்று விரற்கடை ஆழத்தில் மண் ஈரமாகவும் சாதாரண நிறத்திலும் இருந்தது. இன்னும் சற்றுத் தோண்டி, விரல்களால் துழாவி, கொண்டைக்கடலையளவு வெள்ளைக் கிழங்கொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நகத்தால் இலேசாக அழுத்தினாள். அது கெட்டியாக இருந்தது.

"சாகலக்கா. இது இப்படித்தான். எலை காஞ்சதும் கெழங்கு மண்ணுக்குள்ள சும்மா கெடக்கும். சித்திரையில மழ விழுந்தா மொதல்ல பூ மட்டும் வரும், எலை இருக்காது. பூ வாடுனப்பறம் எலை மட்டும் வரும். ரெண்டையும் ஒண்ணா யாரும் பாக்கவே ஏலாது."

அவள் வேறு மூன்று வட்டங்களையும் தோண்டிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் மேலாகக் கிடந்த கிழங்கு வெந்து குழைந்திருந்தது. மற்றவற்றைப் பழையபடியே புதைத்து, மண்ணைத் தட்டிவிட்டுப் புத்தகத்தில் எழுதினாள்.

அழகன் பெருமூச்செறிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். முத்துலிங்கம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் பிரச்சின இல்லயே மிஸ்?"

"இல்ல ஐயா. நல்லாவே வச்சிருக்கீங்க." பிறகு அவள் நல்லெண்ணத்தோடு நாகலெட்சுமியின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு மாசமா வெறும் மண்ணுக்கா காவல் இருந்தீங்க? பாவம்! இந்த நேரத்துல இதுக்குக் காவலே தேவயில்லக்கா. மழ வர்ற வரைக்கும் மேல யாரு நடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

முத்துலிங்கம் அதைக் கேட்டார். கேட்ட முகத்தை உடனே ஆற்றின் பக்கம் திருப்பினார். கிருஷாந்தி பாதையேறிப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

"தொரை இன்னைக்கே ரிப்போட்ட வாசிப்பாரு" என்றார். "காவல் தேவயில்லனு அதுல இருக்கும். அங்க ஆள் பத்தல."

"சரிங்க."

"மழைக்கு அப்பறம் பாப்போம். நா பேசுறேன்."

"சரிங்க" என்று அவள் மீண்டும் சொன்னாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் அவளுடைய பெயர் ஏழாம் நம்பருக்கு வாசிக்கப்பட்டது. கிளை கீறாமலிருக்கக் கட்டும் படங்குச் சாக்கைப் பேச்சியம்மா அவளுடைய இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள். வழியெல்லாம் தன் மருமகளைத் திட்டிக்கொண்டே வந்தாள். மலையின் விளிம்பு வந்ததும் பேச்சை நிறுத்தினாள். மற்றப் பெண்களும் நின்றார்கள். கங்காணி தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகலெட்சுமி தன் கால்களைப் பார்த்தாள். வலது கால் முன்னே போயிற்று. பிறகு இடது கால் போயிற்று. அவள் தேயிலை மரங்களின் நிரைக்குள் இருந்தாள். அவ்வளவுதான். அதற்காக அவள் மகிழவுமில்லை; கால்கள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன என்று வருந்தவுமில்லை.

ஒரு மணி நேரம் கொழுந்தெடுத்த பிறகு, பக்கத்து நிரையிலிருந்த பேச்சியம்மாவிடம், "எந்த எடம்?" என்று கேட்டாள்.

பேச்சியம்மாவுக்குக் கை நின்றுவிட்டது. "ஒனக்குத் தெரியாதா?"

"நா அன்னைக்கு மூணாம் நம்பர்ல இருந்தேன். யாரும் சொல்லல. நானும் கேக்கல."

பேச்சியம்மா மோவாயால் மேலே காட்டினாள். "அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம். ரெண்டாவது மரம். ஒன் நெரையிலதான் வருது. வேணும்னா நா அத எடுத்துக்குறேன், நீ இங்கிட்டு வா."

"வேணாம்."

அவள் ஏறினாள். கல் வந்தது. முதல் மரம் வந்தது. இரண்டாவது மரமும் மற்ற மரங்களைப் போலவே இடுப்பளவு உயரத்தில், கவ்வாத்துக்குப் பிறகு புதிதாகத் தளிர்த்து, மட்டமாக இருந்தது. அதன் அடியில் என்ன இருக்கும் என்று நினைத்திருந்தாளோ அது அங்கே இல்லை, சருகுகள் இருந்தன. அவள் அங்கே நின்றாள், மற்ற மரங்களிடம் நின்ற அளவுக்கே. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தாள்; முற்றிய இலைகளைக் கிள்ளி எறிந்தாள்; கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போட்டாள். மரத்தில் எடுக்க வேண்டியது எதுவும் மீதமில்லை என்று கண்டபின் மூன்றாவது மரத்துக்குப் போனாள்.