துணைக்கு வந்தவர்

"அட்டெண்டர் யாரு மேடம்?" என்று நர்ஸ் ஷில்பா கேட்டதும் ஸ்ரீரஞ்சனி அப்பாவைக் காட்டினாள். வேறு யாரைக் காட்டுவது? கூட வருகிறேன் என்ற சிநேகிதி வீணா காலையில் காய்ச்சல் என்று போன் பண்ணிவிட்டாள். எலும்புக்குள் புதைந்த கடைவாய்ப்பல். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், துணைக்கு ஆள் இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். மூன்று முறை தள்ளிப்போட்டாயிற்று. வீங்கின தாடையோடு வைட்ஃபீல்ட் ஆபீசுக்கும் வீட்டுக்கும் அல்லாடி அலுத்துப்போயிருந்தாள்.

அப்பா சந்தானம் படிவத்தை வாங்கி, விதான சௌதா உத்தியோகத்தில் ஃபைல்களில் போட்டுப் பழகிய அதே கையெழுத்தைப் போட்டார். அந்தக் கம்பீரத்தைப் பார்த்தால், அவருக்கு நேற்று எது இன்று எது என்று தெரியாமல் போய் இரண்டு வருஷமாகிறது என்று யார் சொல்வார்கள்? அவளும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன மாதம் பால் வாங்கப் போனவர் ஐந்து மணி நேரம் கழித்து ஊருக்கு வெளியே அத்திபெலே பஸ் ஸ்டாண்டில் கிடைத்தார்.

"அப்பா, நான் வர வரைக்கும் இந்தச் சேரை விட்டு எழுந்துக்கப்படாது. என்ன?"

"எனக்கென்ன வேலை? உக்காந்துண்டிருக்கேன். நீ பயப்படாம போ."

உள்ளே கையில் ஊசி ஏறியது. டாக்டர் ரிலாக்ஸாக இருக்கச் சொன்னார். நன்றாகச் சொன்னார்! மற்றவர்களுக்கு முழித்துக்கொள்வோமா என்று பயம். அவளுக்குத் தூங்கிவிடுவோமே என்று பயம். இரண்டு வருஷமாக வாசல் தாழ்ப்பாளில் ஒரு காதை வைத்தே படுக்கிறவள். முக்கால் மணி நேரம் அவரை யார் பார்ப்பார்கள்? கண்ணைத் திறந்தே வைத்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வெட்கக்கேடு, எவ்வளவு சுகமாக இருந்தது!

முழிப்பு வந்ததும் அப்பா என்று கூப்பிட்டாள். வாய் நிறையப் பஞ்சு. வெறும் முனகல்தான் வந்தது. ஷில்பா தாங்கிப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அப்பா அதே நாற்காலியில், கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்கல மேடம். டீ குடுத்தேன், அதுவும் பேடான்னுட்டாரு."

கிளம்பலாம் என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளுடைய ஊதிப்போன முகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோம்மா. என் பொண்ணு உள்ள இருக்கா. மயக்கம் குடுத்திருக்கா. அவ வராம நான் நகர முடியாது."

நான்தான்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள். மரத்துப்போன உதடு அசையவில்லை, எச்சில்தான் வழிந்தது. அவர் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கோ. உங்களவாளும் உள்ள இருக்காளா?"

ஸ்ரீரஞ்சனி தலையை ஆட்டினாள். ஷில்பா கொடுத்த ஐஸ் பையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் கதவைப் பார்த்தாள்.