பத்தில் ஒன்பது

திங்கட்கிழமை என்றால் மாவிஸுக்கு விடியும்போதே கடிகாரத்தின்மேல்தான் கண். மத்திய மேற்கு மாநிலங்களில் பெட்ரோல் என்ன விலைக்குப் போகிறது என்று அன்று மாலைக்குள் அரசாங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அதை வைத்துத்தான் நாட்டின் பொருளாதாரத்துக்கு நாடி பார்க்கிறார்களாம். அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி, ஒமாஹாவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பெண்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு தொலைபேசியைக் கொடுத்திருந்தது. அலைபேசி யாரிடமும் இல்லாத காலம்.

கடைக்காரர் வாயால் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். அமெரிக்காவில் பெட்ரோல் விலை எல்லாமே ஒரு சென்ட்டில் பத்தில் ஒன்பது பங்கு என்று முடிவது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பத்தில் ஒன்பதையும் அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு கடைப்பட்டியல் உண்டு; வருஷத்தில் மூன்று வாரம் அதில் ஒரு கடையாவது விடுபட்டால் வேலை காலி. மாவிஸுக்கு ஏற்கனவே இரண்டு வாரம் விடுபட்டிருந்தது. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். கணவன் கோர்டனுக்கு இன்சுலின் அந்தக் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தது.

பட்டியலிலேயே அவளுக்குப் பிடித்தவர் ஏமில் ப்ரோகாப். சோளக்காடுகளுக்கு நடுவே கடை வைத்திருந்த கிழவர்.

“என்னம்மா மாவிஸ், போன வாரம் நான் சொன்ன விலையை வாஷிங்டன்ல தொலைச்சுட்டாங்களா?” என்பார்.

“வாயடிக்காம சொல்லுங்க ஐயா.”

“பத்துல ஒன்பது, பத்துல ஒன்பது. சொல்லிட்டேன் தாயே, போய் நிம்மதியாத் தூங்கு.”

அந்தத் திங்களன்று மற்ற கடைகள் எல்லாம் முடிந்து ஏமில் மட்டும் பாக்கி. எத்தனை முறை அடித்தாலும் லைன் கிடைக்கவில்லை. மேற்பார்வையாளர் ட்ரெண்ட் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னைக்கும் ஒண்ணு விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, மாவிஸ்.”

மறுபடி அடித்தாள். மணி ஒலித்த உடனே எடுத்துவிட்டார்கள்.

“ஆம்புலன்ஸா?” பெண் குரல் பதறியது.

“இல்லைங்க, பெட்ரோல் விலை கேக்கறவ. ஏமில் இல்லையா?”

“நான் அவர் சம்சாரம் ஆல்பீனா. அவர் பம்புகிட்ட விழுந்து கெடக்காரும்மா. பேச்சு மூச்சில்ல. போனை வைக்கிறேன்.”

வைக்கத்தான் விட்டிருக்க வேண்டும். மாவிஸின் கண்ணில் பட்டதோ ட்ரெண்டின் கைக்கடிகாரம்.

“ஒரே நிமிஷம்மா. அரசாங்கத்துக்குக் குடுக்கணும். ஜன்னல் வழியா விலைப்பலகையைப் பாத்துச் சொன்னாப் போதும்.”

அரசாங்கம் என்றால் எழுந்து நிற்கிற தலைமுறை அது. ஆல்பீனா அழுதுகொண்டே படித்தாள். “ஒரு டாலர் பத்தொம்பது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னம்மா?”

“கடைசியில சின்னதா ஒரு எண் இருக்குமே. நீங்களே சொல்லணும்.”

“பத்துல ஒன்பது.”

“நடுத்தர பெட்ரோல் என்ன விலை? உயர்ரகம்?”

அதையும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒன்பதையும் சொல்லவைத்துத்தான் மாவிஸ் விட்டாள். ட்ரெண்ட் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாலையில் காரில் போகும்போது, மத்திய மேற்கில் விலை ஒன்றரை சென்ட் ஏறியிருப்பதாக வானொலி சொன்னது. கிழவர் பிழைத்திருப்பார் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த திங்கள் ஆல்பீனாதான் எடுத்தாள். இந்த முறை பதற்றம் இல்லை.

“நீதானா? உன் குரலுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.”

“ஏமில் எப்படிம்மா இருக்காரு?”

“வியாழக்கிழமை அடக்கம் பண்ணோம். ஆம்புலன்ஸ் பசங்க பக்கத்து ஊர்க்காரங்க. எங்க ஊர்ல ரெண்டு சாலைச் சந்திப்பு உண்டு. கடை எந்தச் சந்திப்புலன்னு கேக்க எனக்கு போன் அடிச்சிருக்காங்க. லைன் கிடைக்கல. நான்தான் உனக்குப் பலகையைப் படிச்சுக்கிட்டு நின்னேனே. தப்பான சந்திப்புக்குப் போயிட்டு வந்தாங்க. வந்தப்ப அவர் உடம்பு ஜில்லிட்டுப் போச்சு.”

“அம்மா, எனக்குத் தெரியாது...”

“தெரியும். ஆம்புலன்ஸான்னு கேட்டுத்தான் எடுத்தேன். உனக்கு நல்லாத் தெரியும்.” ஆல்பீனா மூச்சு வாங்கினாள். “பம்பைப் பூட்டியாச்சு. கடை இனிமே இல்ல. அதையும் எழுதிக்க.”

லைன் அறுந்தது.

பட்டியலில் ‘மூடப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருந்தது. மாவிஸ் அதில் குறியிட்டாள். மூடிய கடை விடுபட்ட கணக்கில் சேராது. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி மூச்சு லேசாக வந்தது. இதற்கா எனக்கு மூச்சு வருகிறது என்று அடுத்த கணமே தன்மேல் அருவருப்பும் வந்தது. இறங்கிய பாரம் மட்டும் திரும்ப ஏறவில்லை.

“ப்ரோகாப் போனா போகட்டும்” என்று ட்ரெண்ட் ஒரு சீட்டை நீட்டினார். “அதே சாலையில இன்னொரு கடை இருக்கு. இப்பவே அடிங்க.”

மாவிஸ் அடித்தாள்.