ஒரு சாண் கூட்டி

கடைக்காரனைப் பார்த்ததுமே கிளீனருக்குப் பிடிக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. இவர்கள் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே அவன் சிரித்தான். முன்பின் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் ஒன்று ஓட்டுக் கேட்க வந்திருப்பான், இல்லாவிட்டால் எதையாவது தலையில் கட்டப் பார்ப்பான். ஓட்டுக் கேட்கிறவனுக்குக் கடை எதற்கு?

கிளீனர் லாரியை விட்டு இறங்கி எட்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் தெருவில் பால் போடுகிறவன் வரைக்கும் அவர் கிளீனர்தான். முப்பத்தொரு வருஷம் ஒரே லாரி, ஒரே டிரைவர். அந்த டிரைவர் நடுவில் கிளீனரின் தங்கையைக் கட்டிக்கொண்டு மச்சானும் ஆகிவிட்டார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி பார்ப்பது, பாலம் பார்ப்பது, இறங்கி நின்று ரிவர்ஸ் எடுக்க வைப்பது எல்லாம் கிளீனர் பாடு. ஓட்டத் தெரியுமா என்று கேட்டால், "ஓட்டுறவனை ஓட்டத் தெரியும்" என்பார்.

இப்போது டிரைவர் ஒரு பழைய வேனை வாங்கி, கூரையை உயர்த்தி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கையகலத்தில் ஒரு கக்கூஸ் என்று ஒரு வீட்டையே அடைத்திருந்தார். கூரைமேல் சாமான் பெட்டி ஒன்று. எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போய், அந்தக் கோடியில் இருக்கும் கடலைப் பார்த்துவிட்டு வரவேண்டும். பதினைந்து நாள் திட்டம். தங்கை மெத்தைக்கு உறை தைத்தாள். கிளீனர் அளவு நாடா, டார்ச், துடைக்கிற துணி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டார். ஒற்றைக்கட்டை மனுஷனுக்கு வேறு என்ன வேலை. அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார்.

"வழி சொல்ற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம் மச்சான். நீ பின்னாடி மெத்தையில ஹாயா படுத்துட்டு வரலாம்."

பேச்சு என்னவோ தேனாகத்தான் இருந்தது. ஆனால் கிளீனருக்கு அது இறங்கவில்லை. முன் சீட்டில் உட்காராமல் போனால் அந்த வண்டியில் அவர் யார்? மெத்தை, அடுப்பு, தொட்டி, அதோடு சேர்த்து ஒரு மூட்டை. நீ வேண்டாம் என்று சொல்ல டிரைவருக்கு வாய் வரவில்லை, அதனால் மெஷினை விட்டுச் சொல்ல வைக்கிறான் என்று அவருக்குப் பட்டது. மூன்று பேரும் கடைக்கு வந்தது அப்படித்தான்.

கடைக்காரன் முதலில், தனி மெஷின் எதற்கு, செல்போனிலேயே வழி வருமே என்றான். விற்க வைத்திருப்பதையே வேண்டாம் என்கிறானே, இதில் என்ன சூதோ என்று கிளீனருக்கு மூக்கு வியர்த்தது. அவர் ஒரு பரீட்சை வைத்தார். இங்கிருந்து பழைய லாரி டிப்போவுக்கு நம் வேன் போக வழி கேளு என்றார்.

டிரைவரின் போன் ஒரு நொடிகூட யோசிக்காமல் ரயில் பாலத்துக்கு அடியில் விட்டது. கிளீனர் சிரித்தார். அந்தப் பாலத்தை அவருக்குத் தெரியும். லாரியில் சேர்ந்த முதல் வருஷம், லோடை நாடா பிடித்து அளந்து, பலகையில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, நாலு விரல் இடம் இருக்கிறது என்று நம்பி உள்ளே விட்டார்கள். பாலத்துக்கு அடியில் ரோட்டை மேலும் மேலும் போட்டு உயர்த்தியிருந்தார்கள். பலகையை மட்டும் மாற்றவில்லை. லாரியின் பச்சைப் பெயிண்ட் இன்றைக்கும் அந்த உத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"போனுக்கு எல்லாரும் கார்தான். சைக்கிள்ல போனாலும் கார்தான்" என்று போனைத் தள்ளி வைத்தார்.

அடுத்தது பெரிய வண்டிகளுக்கென்றே செய்த மெஷின். தோசைக்கல் அகலத்துக்குத் திரை. வண்டியின் உயரம், அகலம், எடை எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். கடைக்காரன் குத்துமதிப்பாக ஒரு உயரத்தைப் போட்டதும், அது ரயில் பாலத்தை விட்டு விலகி, சந்தைத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது. சரியான வழி. கிளீனர் போயிருந்தாலும் அப்படித்தான் போயிருப்பார்.

அதனாலேயே சந்தேகம் கூடியது. உள்ளூர்ப் பாலத்தை உள்ளூர்க் கடைக்காரன் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பான். தெரியாத ஊரில் இது என்ன செய்யும்?

"உயரத்தைச் சரியா போடுங்க" என்றான் கடைக்காரன். "கொஞ்சம் இடைவெளி அதுவே விட்டுக்கும். கூட்டிப் போட்டா ஊரைச் சுத்தும். குறைச்சுப் போட்டு எங்கயாவது இடிச்சா நாங்க பொறுப்பில்ல."

கடைசி வார்த்தையைக் கிளீனர் முடிந்து வைத்துக்கொண்டார்.

டிரைவர் மெஷினை வாங்கினார். கிளீனர் அந்த நாட்டின் வரைபடம் ஒன்றை, மடித்தால் சட்டைப்பைக்குள் போகிற காகிதத்தை, தனியாக வாங்கினார். அங்கேயே முறுக்கிக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தங்கைதான் பஞ்சாயத்து செய்தாள்.

"அண்ணே, கடல் வரைக்கும் மெஷின் சொல்ற வழியில போவோம். நான் முன்னாடி உக்காந்துக்குறேன். நானும்தான் என்னைக்கு முன் சீட்டுல உக்காந்திருக்கேன்? ஒரு தடவை அது தப்பா சொல்லட்டும், சீட்டு உனக்கு. திரும்பி வர்ற வரைக்கும் உனக்கு."

கிளீனர் ஒப்புக்கொண்டார். அப்போதே ஒன்றையும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலை வண்டியை அளந்தார். பின்னால் இருந்த ஏணியில் ஏறி, சாமான் பெட்டிமேல் ஒரு நேர்ப்பலகையை வைத்து, பலகையின் முனையிலிருந்து தரைக்கு நாடாவை விட்டார். மூன்று மீட்டர் பத்து சென்டிமீட்டர். இரண்டாம் தடவையும் அதே கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பச்சைப் பெயிண்ட் பாலத்தில் ஒட்டிய அன்றிலிருந்து, கிளீனர் டிரைவரிடம் உண்மையான உயரத்தைச் சொன்னதே இல்லை. எப்போதும் ஒரு சாண் கூட்டித்தான் சொல்வார். தார்ப்பாய் முடிச்சு புடைக்கும், ரோடு உயர்ந்திருக்கும், பலகை எழுதினவன் குடித்திருப்பான். யாரை நம்புவது? அந்த ஒரு சாண்தான் முப்பது வருஷம் லாரியைக் காப்பாற்றியது என்பது அவர் கணக்கு. டிரைவருக்கு இது தெரியாது என்பதும் அவர் கணக்குதான். கீழே இறங்கி அளந்து பார்க்கிற பழக்கம் டிரைவருக்குக் கிடையாது.

இந்தத் தடவை கிளீனர் கூட்டவில்லை. மெஷின் எங்கேயாவது தப்பு செய்யும், அப்போது நீ உயரத்தைத் தப்பாகச் சொன்னாய் என்று பழி தன்மேல் திரும்பக்கூடாது. கையில் சுத்தமான கணக்கு இருக்க வேண்டும்.

"மூணு மீட்டர் பத்து" என்றார் ஏணியிலிருந்தபடி. சீட்டில் இருந்த டிரைவர் தலையாட்டிக்கொண்டே மெஷினில் எதையோ தட்டினார்.

புறப்பட்டார்கள். எல்லையில் காகிதங்களைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் போனதும் பலகைகளில் எழுத்து வேறு மாதிரி கோணல்மாணலாக இருந்தது. கிளீனருக்குத் தன் ஊர் எழுத்தே எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் பெரிய நஷ்டமில்லை. எண்கள் மட்டும் அதே எண்கள்.

அவர் பின்னால் மடக்கு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தார். மெஷின் வலது என்றால் படத்தில் விரலை வைத்து வலதா என்று பார்த்தார். வலதுதான். இடது என்றாலும் இடதுதான். முதல் நாள் ஒரு பிசகும் இல்லை. இரண்டாம் நாள் டிரைவரே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார். மெஷினுக்குள் இருந்த பெண் குரல் ஒரு சலிப்பும் இல்லாமல் வேறு வழி சொன்னது. அதுதான் கிளீனருக்கு உறுத்தியது. தான் சொன்ன வழியில் போகாதவனை ஒரு வார்த்தைகூடத் திட்டாதவளை எப்படி நம்புவது?

ஒரு முறை பெரிய ரோட்டை விட்டு இறக்கிக் கிராமத்து ரோட்டில் விட்டது. வழியில் இரண்டு பெட்ரோல் பங்க். பங்க்காரனுக்கும் இதற்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்றார் கிளீனர். தங்கை முன் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, பின்னால் திரும்பாமலேயே, பெரிய ரோட்டில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததை நீ பார்க்கவில்லையா என்று கேட்டாள். பார்த்திருந்தார். சொல்லத்தான் இல்லை.

மூன்றாம் நாள் மதியம். கடலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றது மெஷின். கிளீனருக்கு உட்கார முடியவில்லை. கடல் வந்துவிட்டால் பந்தயம் முடிந்தது, சீட் போனது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு நின்றார். தலையை உள்ளே வைத்துக்கொள் அண்ணே, கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்றாள் தங்கை. அவர் அசையவில்லை.

சின்ன ஊர் ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் சரிவாக இறங்குகிற ரோடு. சரிவு முடிகிற இடத்தில் கருங்கல் பாலம், மேலே தண்டவாளம். நேராகப் போகவும் என்றாள் மெஷின்காரி. பாலத்தின் நெற்றியில் சிவப்பு வட்டம். அதற்குள் 3.0.

கிளீனர் கத்தவில்லை. வண்டியின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்.

லாரியில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. டிரைவரின் மூளைக்கு விஷயம் போவதற்கு முன்பே கால் பிரேக்கில் ஏறிவிட்டது. வேன் குலுங்கி நின்றது. பின்னால் பாத்திரங்கள் உருண்டன. பாலம் பத்தடி தூரத்தில் இருந்தது.

"தாராளமா போகுமே மச்சான்" என்றார் டிரைவர்.

"எப்படிப் போகும்? வண்டி மூணு பத்து. பாலம் மூணு. பொட்டியைப் பிடுங்கிட்டுப் போகும்." கிளீனருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தியா தங்கச்சி? மாட்டிக்கிட்டா. மூணு நாள் நல்லவ மாதிரி நடிச்சா. எழுந்திரு."

தங்கை எழுந்திருக்கவில்லை. மெஷினைக் கையில் எடுத்து, எதையோ அழுத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதுல ரெண்டு தொண்ணூறுன்னு இருக்கு அண்ணே."

"நான் மூணு பத்து சொன்னேன். இருபதை இவ முழுங்கியிருக்கா."

டிரைவர் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அவ முழுங்கல மச்சான்" என்றார் கடைசியில். "நான்தான் குறைச்சேன். நீ எப்பவும் ஒரு சாண் கூட்டித்தானே சொல்லுவ."

கிளீனருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. இத்தனை வருஷம் தான் ஒரு பக்கம் கூட்ட, இவன் ஒரு பக்கம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். லாரியைக் காப்பாற்றிய சாண் என்று ஒன்று இருந்ததே இல்லை.

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பச்சைப் பெயிண்டுக்கு மறு வாரத்துலேர்ந்து. பக்கத்துல வண்டி நிறுத்துனவன் நம்ம லாரியையும் அளந்து சொன்னான்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ ரெண்டு சாண் கூட்டியிருப்ப."

உண்மை அதுதான்.

பின்னால் ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. கிளீனர் இறங்கினார். பின்னால் நின்ற கார்க்காரர்களிடம் தன் பாஷையிலேயே பேசினார். அவர்கள் அவர்கள் பாஷையில் திட்டினார்கள். ஆனாலும் பின்வாங்கினார்கள். சரிவில் வேனைப் பின்னால் ஏற்றி, ஒரு மருந்துக்கடை வாசலில் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மின்கம்பம், ஒரு பக்கம் சாக்கடை. கிளீனர் தகட்டைத் தட்டிக்கொண்டே நடந்தார். இரண்டு தட்டு, இரண்டு தட்டு, ஒரு தட்டு. டிரைவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, தட்டுகிற சத்தத்துக்கே ஓட்டினார். பெயிண்டில் ஒரு கீறல் விழாமல் வேன் திரும்பியது.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நிறுத்தினார்கள். கிளீனர் வண்டிக்குள் ஏறாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தயத்தில் தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். மெஷின் தனக்குச் சொன்னதை வைத்துச் சரியாகத்தான் வழி சொல்லியிருக்கிறது. ரெண்டு தொண்ணூறு வண்டிக்கு அந்தப் பாலம் போதும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சுத்தமான கணக்கு சொன்னார், அதுவே வினையாகிவிட்டது.

தங்கை இறங்கி வந்தாள். "மெஷின் ஒண்ணும் தப்பு பண்ணல. பண்ணது நீங்க ரெண்டு பேரும்" என்றாள். "முப்பது வருஷமா ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்திக்கிட்டே ஒரு லாரியை ஓட்டியிருக்கீங்க. இதுக்கு நடுவுல நான் உக்கார மாட்டேன். நான் மெத்தைக்குப் போறேன்." தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள்.

சீட் காலியாக இருந்தது. கிளீனருக்கு உடனே சந்தேகம் வந்தது. பாவம் பார்த்து விடுகிறாளோ? இல்லை, மெத்தையில்தான் சுகம் என்று மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டு, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி காட்டுகிறாளோ? எதுவாக இருந்தாலும், ஏறி உட்கார்ந்துகொண்டார். சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். கண்ணாடியைத் துடைத்தார்.

டிரைவர் மெஷினை அவர் மடியில் வைத்தார். "நீயே போட்டுடு மச்சான், சரியான உயரத்தை." காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று மைதானத்தின் ஓரமாகப் போனார்.

கிளீனர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைத் தடவி உயரம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். மூன்று பத்து என்று போட வந்தார். விரல் நின்றது. ஒரு சாண் தின்றே பழகியவன், எப்படியும் எடுத்துப் பார்ப்பான். பழக்கம் விடாது. மறுபடியும் ரெண்டு தொண்ணூறு ஆகிவிடும். அவர் மைதானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மூன்று முப்பது என்று போட்டார். மெஷினை அதன் இடத்தில் மாட்டினார்.

டிரைவர் திரும்பி வந்து, வண்டியை எடுக்கிற அவசரத்திலும், மெஷினை ஒரு நிமிஷம் கழற்றித் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு எதையோ தட்டினார். கிளீனர் வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தார். மாட்டியதும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

மூன்று பத்து.

கிளீனர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, தகட்டை இரண்டு தட்டு தட்டினார்.